டிரக்டர் தண்ணீர் குடிக்கிறதா? அறிகுறி பார்த்துக் கசிவைப் பிடிக்கும் வழி

"அண்ணே, வண்டி தண்ணி குடிக்குது. ஹெட்டைக் கழட்டணுமா?"

மழை தொடங்கினால் தேயிலைக் கொழுந்து ஏற்றும் தம்பிமாரிடமிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வரும். தண்ணி குடிப்பது என்றால் இஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே போவது. ஹெட் என்பது சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் இரும்புப் பகுதி. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். எப்போது குடிக்கிறது? இரவு சும்மா நிற்கும்போதா, ஓடும்போதா, ஓடி நிறுத்திய பிறகா? இதற்கு ஒழுங்கான பதில் கிடைத்தால், ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன்பே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

இதை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன். ஆரம்ப காலத்தில் ஹட்டன் பக்கத்து டிரக்டர் ஒன்றுக்கு "ஹெட் கெஸ்கட் போச்சு" என்று அடித்துச் சொன்னேன். ஹெட்டுக்கும் இஞ்சின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு அது. ஹெட்டை இறக்கி, லேத்துக்கு அனுப்பி, புதுக் கெஸ்கட் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாளே வண்டி திரும்பி வந்தது, அதே தண்ணீர்க் குறைவோடு. கோளாறு இருந்தது ரேடியேட்டர் மூடியில். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. லேத் கூலியைச் சொந்தக்காரரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இங்கே சொல்வதெல்லாம் பெரும்பாலும் மெசி பெர்குசன் 135 ஐ மனதில் வைத்து. 1964 இல் வெளிவந்த மாடல். மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் ஏடி3.152 இஞ்சின், 152 கன அங்குலம், அதாவது இரண்டரை லீட்டர். தண்ணீர் ஏறக்குறைய 10 லீட்டர் பிடிக்கும். வேறு பழைய டீசல் டிரக்டர் வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். பொருந்தாத இடத்தை அங்கங்கே சொல்கிறேன்.

தொடுவதற்கு முன்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். நம் பக்கம் சமதளம் கிடைப்பதே பெரிய விஷயம்தான், ஆனாலும் தேடிப் பிடியுங்கள். சரிவில் நின்றால் ரேடியேட்டரில் தெரியும் மட்டம் பொய் சொல்லும். முன்னால் கசியும் தண்ணீர் சம்ப் (இஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஒயில் தொட்டி) ஓரமாக ஓடி பின்னால் சொட்டும், நீங்கள் கிளட்ச் பக்கம் தேடிக்கொண்டிருப்பீர்கள். சில்லுகளுக்குக் கல் வைக்க மறக்க வேண்டாம்.

சூடான மூடியைத் திறக்காதீர்கள். அரை மணி நேரமாவது பொறுங்கள். அப்புறம் சாக்கை மடித்து மேலே போட்டு, முதலில் கொஞ்சமாகத் திருப்பி ஆவியை விட்டு, சத்தம் அடங்கிய பிறகு கழற்றுங்கள்.

இன்னொன்று. ஏற்றத்தில் கொதித்த வண்டியை ரோட்டோரத்துப் பீலியில் (மலைத் தண்ணீர் விழும் குழாய்) நிறுத்தி, அந்தப் பச்சைத் தண்ணீரை அப்படியே வாளியோடு ஊற்றும் பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு. பீலித் தண்ணீர் நுவரெலியாப் பக்கம் பல்லைக் கூசவைக்கும் குளிர். கொதிக்கும் இரும்பில் அது பட்டால் ஹெட் வெடிக்கலாம். சின்னக் கசிவாக இருந்ததைப் பெரிய செலவாக்கும் வேலை அது. இஞ்சின் ஆறட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

காலையில் வண்டிக்குக் கீழே ஈரம்

மலையில் காலையில் எல்லாமே ஈரமாகத்தான் இருக்கும், பனி. அதனால் மாலையில் வண்டிக்கு அடியில் ஒரு பெரிய காட்போட் அட்டையை விரித்து, முன் சில்லு நின்ற இடத்தைப் பேனையால் குறித்து வையுங்கள். காலையில் அட்டையில் விழுந்த சொட்டு எந்த இடத்துக்கு நேர் கீழே என்று பார்த்தால் போதும். கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் நிறமுள்ள திரவம்) போட்டிருந்தால் நிறமே காட்டிக் கொடுக்கும். காய்ந்த இடத்தில் பச்சையாகவோ ரோஸாகவோ உப்புப் பூத்தது போல ஒரு தடம் இருக்கும். வெறும் தண்ணீர் என்றால் துரு நிறக் கோடு.

இரவில் மட்டும் கசிந்து, இஞ்சின் சூடானதும் நின்றுவிடும் கசிவு நம் பகுதியில் நிறைய. காரணம் குளிர். ரப்பர் ஹோஸ் இறுகிச் சுருங்கும், கிளிப்பின் பிடி தளரும், சொட்டும். சூடானதும் ரப்பர் உப்பி அடைத்துக்கொள்ளும். பகலில் எவ்வளவு பார்த்தாலும் தெரியாது. விடிகாலையில் டோர்ச்சோடு போய் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டின் நான்கு முனைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். கிளிப்பை ஒரு சுற்று இறுக்கினால் பல நேரம் தீர்ந்துவிடும். ஹோஸை அமுக்கினால் கரகரவென்று வெடிப்புத் தெரிகிறதா, முனை பஞ்சு போல ஊதியிருக்கிறதா, மாற்றிவிடுங்கள். கீழ் ஹோஸைக் கழற்றினால் உள்ளே குழாய் வாயையும் பாருங்கள். துரு அரித்துப் பள்ளமாகியிருந்தால் எந்தக் கிளிப்பும் நிற்காது, தேய்த்துச் சமப்படுத்த வேண்டும்.

அடுத்து ரேடியேட்டரின் கீழ்த் தொட்டி ஈயம் வைத்த ஓரம், வடிகால் திருகு, இஞ்சின் பிளாக்கில் இருக்கும் வடிகால் திருகு. அதன் பின் பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமாக அடித்து வைத்த தகட்டு மூடிகள், கோர் பிளக் என்பார்கள். இவை உள்ளிருந்து துருப்பிடித்து வெளியே ஊசித் துளையாக வரும். வெளியில் பெயின்ட் நன்றாக இருக்கும், ஸ்க்ரூ டிரைவர் முனையால் மெதுவாகத் தட்டினால் உள்ளே போய்விடும். அப்படிப் போனால் கவலைப்படாதீர்கள், எப்படியும் போக வேண்டியதுதான். ஒன்று போயிருந்தால் மற்றதும் அதே வயசு என்பதை மறக்காமல் எல்லாவற்றையும் மாற்றுங்கள். குழியைச் சுத்தமாகச் சுரண்டி, சீலர் தடவி, நேராக அடித்து இறக்க வேண்டும். எபொக்சி பூசுவது வீடு போய்ச் சேர மட்டும்.

இடம் பிடிபடவில்லையா? சந்தேகமான பக்கத்தை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, முகத்துக்குப் போடும் பவுடரை ஊதி விடுங்கள். கால் மணி நேரத்தில் ஈரம் தன் வழியைத் தானே கோடு போட்டுக் காட்டும். பிள்ளையின் பவுடர் டப்பாவை எடுத்து ஏச்சு வாங்கியது என் சொந்த அனுபவம்.

ஓடும்போது மட்டும் நனைகிறது

நிற்கும்போது அட்டை காய்ந்து கிடக்கிறது, ஓடினால் முன்பக்கமெல்லாம் தெறித்திருக்கிறது என்றால் முதல் சந்தேகம் வோட்டர் பம்ப். பம்பின் உடலில், தண்டுக்குக் கீழே ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பெயரிங்குக்குள் போகாமல் வெளியே வரட்டும் என்று வைத்த துளை அது. அதில் சொட்டினால் சீல் முடிந்தது. அந்தத் துளையை ஆணி வைத்து அடைத்த வண்டியையும் பார்த்திருக்கிறேன். கசிவு நின்றது, இரண்டு வாரத்தில் பெயரிங் போய் விசிறி ரேடியேட்டரைக் கிழித்தது.

இஞ்சினை நிறுத்தி, விசிறியின் எதிரெதிர் இதழ்களைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பம்பைக் கழற்றத்தான் வேண்டும். பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்குவதுதான் பம்ப் பெயரிங்கைக் கொல்லும். நடுவில் பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவு இறங்க வேண்டும்.

2022 இல் டீசல் வரிசையில் நாடே நின்றபோது நிறைய டிரக்டர்கள் கொட்டகையில் அசையாமல் கிடந்தன. திரும்ப ஸ்டார்ட் பண்ணிய சில நாட்களிலேயே பம்ப் ஒழுகியவை என்னிடம் வந்தன. நின்ற இடத்திலேயே சீல் காய்ந்து ஒட்டி, சுற்றத் தொடங்கியதும் கிழிந்துவிடும். நீண்ட நாள் நிறுத்துபவர்கள் வாரம் ஒருமுறை விசிறியைக் கையால் சில சுற்றுச் சுற்றி விட்டாலே நல்லது.

விசிறி இருக்கும் இடத்தில் ஈரத்தடத்தை நம்பாதீர்கள். காற்று எங்கிருந்தோ வரும் சொட்டை எங்கேயோ கொண்டுபோய் அடிக்கும். ரேடியேட்டர் நடுவில் ஈரம் என்பதற்காக அதைக் கழற்றி ஈயம் வைக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கும் ஈரம் இல்லை, ஆனால் மட்டம் குறைகிறது

இங்கேதான் ஆட்கள் பயந்து ஹெட்டில் கை வைக்கிறார்கள். பொறுங்கள்.

முதலில், கழுத்து வரை ஊற்றுகிறீர்களா? இந்த வண்டிகளில் மேலதிகத் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தனிப் போத்தல் கிடையாது. சூடானால் தண்ணீர் விரியும், இடமில்லாவிட்டால் வழிகுழாய் வழியே வெளியே போகும். அடுத்த நாள் மட்டம் ஒரு அங்குலம் இறங்கியிருக்கும். நீங்கள் திரும்பக் கழுத்து வரை நிரப்புவீர்கள், அது திரும்பத் துப்பும். வருஷக்கணக்கில் இப்படி ஓட்டியவர்கள் உண்டு. உள்ளே தெரியும் குழாய்களின் மேல் முனை மூழ்கும் அளவுக்கு வைத்து, கழுத்துக்குக் கீழே ஒரு அங்குலத்துக்கும் மேல் விட்டு, நான்கு நாள் ஊற்றாமல் பாருங்கள். ஒரு மட்டத்தில் நின்றுவிட்டால் கசிவே இல்லை.

நிற்கவில்லையா? மூடியைப் பாருங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மலையில் இருப்பவர்களுக்கு இது வேறு கணக்கு. கொழும்பில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். உயரம் கூடக் கூட, சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் குறையும். ஹட்டனில் 96 டிகிரி அளவு, 1868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் 94 டிகிரி அளவு. பருப்பு வேக நேரமெடுப்பது இதனால்தான். ஏற்றத்தில் பெட்டி நிறையக் கொழுந்தோ கரட்டோ இழுக்கும் இஞ்சின் 90 டிகிரியைத் தொடுவது சாதாரணம். அதற்கும் கொதிநிலைக்கும் இடையில் நாலே டிகிரி. அந்த இடைவெளியைக் கூட்டுவது மூடியின் வேலை. 135 இன் மூடி 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல்) அழுத்தம் பிடிக்கும், அந்த அழுத்தத்தில் கொதிநிலை பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரி மேலே போகும். ரப்பர் வெடித்த மூடியோடு குருநாகலில் தப்பித்துக்கொள்ளும் வண்டி ரம்பொடை ஏற்றத்தில் கொதித்துத் துப்பும். ஆவியாகப் போவதால் கீழே சொட்டும் இருக்காது.

மூடியைக் கழற்றி ரப்பரைப் பாருங்கள், ஸ்பிரிங்கை அமுக்கிப் பாருங்கள், அது உட்காரும் கழுத்து விளிம்பில் பள்ளமோ அழுக்கோ இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். புதிது வாங்கும்போது மேலே அச்சடித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். ஒரு கடையில் "எல்லாம் ஒண்ணுதான்" என்று கார் மூடி ஒன்றைக் கொடுத்தார்கள், 13 பிஎஸ்ஐ. இறுக்கமாக உட்கார்ந்தது, சந்தோஷமாக வாங்கிவந்தேன். பழைய ரேடியேட்டரின் மேல் ஓரம் அந்த வாரமே பிளந்தது.

மூடி நல்லது, ஆனாலும் கொதிக்கிறது என்றால் காற்றோட்டம். ஊவாப் பக்கம், வெலிமடை, பண்டாரவளை ஆட்களுக்கு ஜூலை, ஆகஸ்டில் அடிக்கும் காய்ந்த காற்று தூசியையும் மானாப்புல் பூவையும் ரேடியேட்டர் முன் அப்பிவிடும். இஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கித் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளே இறுகும்.

ரேடியேட்டரில் குமிழி, ஹோஸ் கல் போல இறுக்கம்

இப்போதுதான் ஹெட் கெஸ்கட்டைப் பற்றிப் பேசலாம். குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் பண்ணிய ஒரு நிமிடத்தில் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சூடேறவில்லை, ஆனால் ஹோஸ் இறுகிவிட்டது என்றால் சிலிண்டரின் காற்று தண்ணீர்ப் பாதைக்குள் போகிறது.

உறுதிப்படுத்த, இஞ்சின் குளிராக இருக்கும்போது விசிறி பெல்ட்டைக் கழற்றுங்கள். பம்ப் சுற்றாததால் தண்ணீர் அசையாமல் நிற்கும். மூடியைத் திறந்து விளிம்பு வரை நிரப்பி ஸ்டார்ட் பண்ணுங்கள். முதலில் இரண்டு மூன்று குமிழி வருவது பெரிதல்ல, உள்ளே சிக்கிய காற்று. சீராக, நிற்காமல் குமிழி வந்தால் கெஸ்கட் அல்லது ஹெட் வெடிப்பு. இரண்டு நிமிடத்துக்கு மேல் இப்படி ஓட்டாதீர்கள், பம்ப் சுற்றவில்லை.

எந்தச் சிலிண்டர் என்றும் கண்டுபிடிக்கலாம். மெதுவாக ஓடும்போது இன்ஜெக்டர் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்தினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. எதைத் தளர்த்தும்போது குமிழி குறைகிறதோ அதுதான் ஆள். நட்டுக்கு மேல் துணி போட்டுச் செய்யுங்கள், கையையும் முகத்தையும் தள்ளி வையுங்கள். அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலுக்குள் புகுந்துவிடும், விளையாட்டல்ல. நேரம் அதிகம் எடுக்கக் கூடாது என்பதால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இடையில் இஞ்சினை ஆறவிடுவேன்.

ஒயில் பால் தேநீர் போல இருக்கிறது

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் உட்பக்கத்தில் வெண்ணெய் போல ஏதோ ஒட்டியிருக்கும், உடனே "கெஸ்கட்" என்பார்கள். குளிர்ப் பிரதேசத்தில் கிட்ட கிட்ட ஓட்டம் ஓடும் வண்டியில் அது வெறும் பனியீரமாக இருக்கலாம். லயத்திலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும், மடுவத்திலிருந்து பெக்டரிக்கும் ஓடும் வண்டி ஒழுங்காகச் சூடேறுவதே இல்லை. அதிலும் "கொதிக்குது" என்று யாராவது தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தால் இன்னும் மோசம். தெர்மோஸ்டாட் சுமார் 82 டிகிரியில் திறந்து இஞ்சினை அந்தச் சூட்டில் பிடித்து வைப்பது. அது இல்லாத இஞ்சின் நம் குளிரில் எப்போதும் அரைச் சூட்டில் ஓடி, உள்ளே ஆவி படிந்து, மூடியில் வெண்ணெய் கட்டும். புதுத் தெர்மோஸ்டாட் போட்டு ஒரு வாரம் ஓட்டினால் காணாமல் போகும்.

உண்மையான தண்ணீர் என்றால் ஒயில் அளக்கும் டிப்ஸ்டிக் கம்பியிலேயே ஒயில் வெளுத்திருக்கும், மட்டமும் ஏறியிருக்கும். ஒயில் தானாகக் கூடாது. ஓர் இரவு நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் பண்ணாமல் சம்ப் திருகை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் கனம், அடியில் தங்கியிருக்கும், முதலில் அதுதான் வரும். வந்ததும் திரும்ப இறுக்கி, எவ்வளவு என்று பாருங்கள். நன்றாகக் கலந்துவிட்டிருந்தால் பிரியாது. அப்போது சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு ஒயிலை விடுங்கள், படபடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. வீட்டு ரொட்டிக் கல்லை இதற்கு எடுக்க வேண்டாம்.

135 இன் பெர்கின்ஸில் லைனர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்குழாய், உலர் லைனர், தண்ணீர் நேரடியாகப் படாது. எனவே தண்ணீர் ஒயிலுக்குள் வந்தால் கெஸ்கட், ஹெட் வெடிப்பு, பிளாக் வெடிப்பு என்ற வரிசையில் தேடலாம். 1950களின் கடைசியில் வந்த பழைய 35 இல் நான்கு சிலிண்டர் ஸ்டாண்டர்ட் இஞ்சின் இருக்கும். அதில் லைனரைச் சுற்றித் தண்ணீர்தான், அடியில் சீல் கெட்டாலே சம்ப்புக்குள் இறங்கிவிடும். அந்த வண்டியில் ஹெட் கெஸ்கட் மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

தலைகீழாக, ரேடியேட்டரில் ஒயில் மிதக்கிறதா? இஞ்சின் ஓடும்போது ஒயிலின் அழுத்தம் தண்ணீரைவிடப் பல மடங்கு. ஒயில் பாதைக்கும் தண்ணீர்ப் பாதைக்கும் நடுவே கெஸ்கட் விட்டால் ஓடும்போது ஒயில் தண்ணீருக்குள் போகும். நிறுத்திய பிறகு மிச்ச அழுத்தத்தில் தண்ணீர் ஒயிலுக்குள் வரும். தண்ணீர் கலந்த ஒயிலோடு வண்டியை "இன்னிக்கு ஒரு லோட் மட்டும்" என்று ஓட்டாதீர்கள். கிராங்க் பெயரிங் தாங்காது.

வெள்ளைப் புகை

டிசம்பர், ஜனவரியில் புல்லில் உறைபனி பூக்கும் காலையில் எந்த டீசலும் ஐந்து நிமிடம் வெள்ளையாகப் புகைக்கும். கண் எரிந்தால் அது எரியாத டீசல். கண் எரியாமல், நீராவி போல மேலே போய்க் கரைந்து, சூடான பிறகும் நிற்காவிட்டால்தான் தண்ணீர் எரிகிறது.

இதில் ஒரு ஆபத்து. இரவு நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது "டக்" என்று அடித்து நின்றால் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நிறைந்திருக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட்தான் வளையும். தள்ளியோ இறக்கத்தில் உருட்டியோ ஸ்டார்ட் பண்ணுவது இன்னும் கெடுதல். இன்ஜெக்டர்களைக் கழற்றி விட்டுக் கையால் சுற்றுங்கள். உள்ளே இருப்பது பீச்சி வெளியே வரும், முகத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

மஞ்சள் தூள், முட்டை, இன்னபிற

கேட்கத்தான் போகிறீர்கள். ரேடியேட்டரில் ஊசித் துளை, இருட்டுகிறது, வீடு எட்டு மைல் என்றால் இரண்டு கரண்டி மஞ்சள் தூள் போட்டு வந்து சேரலாம், நானும் செய்திருக்கிறேன். அடுத்த நாளே எல்லாவற்றையும் வடித்துக் கழுவ வேண்டும். துளையை அடைக்கும் அதே தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். முட்டை வேண்டாம், நாற்றத்துக்காகவே வேண்டாம்.

சரிசெய்த பிறகு

ஹெட்டை இறக்கியிருந்தால் நேர்மட்டக் கட்டை வைத்துச் சமம் பார்க்காமல் திரும்ப ஏற்றாதீர்கள். நட்டுகளை மெனுவலில் உள்ள வரிசையில், சொன்ன அளவுக்கு, டோர்க் ரெஞ்சால் இறுக்குங்கள். சூடாக ஓடிய பிறகு மெனுவல் சொல்கிறபடி இன்னொரு முறை பாருங்கள். "கைக்கணக்கு" வைத்து இறுக்கும் மெக்கானிக் பாஸ்மாரை எனக்கும் தெரியும், அந்த வண்டிகள் திரும்பி வருவதும் தெரியும்.

நம் மலைத் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு, யாழ்ப்பாணத்தில் போல உள்ளே கல் கட்டாது. ஆனால் துருவுக்கு அது தடையில்லை. மூன்றில் ஒரு பங்காவது கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன், வருஷக்கணக்கில் வெறும் தண்ணீரில் ஓடிய வண்டிக்கு முதல்முறை கூலன்ட் ஊற்றினால் இதுவரை இல்லாத இடத்தில் ஈரம் தெரியலாம். கூலன்ட் கெடுத்துவிட்டது என்று திட்டுவார்கள். தண்ணீர் நுழையாத இடுக்கிலும் கூலன்ட் நுழையும், அந்த இடம் முன்பே பலவீனம்.

வடித்த பழைய கூலன்ட்டைக் கானில் (வடிகாலில்) ஊற்றாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், மாடு குடிக்கும், அது விஷம். கான் போய்ச் சேர்வது கீழ் லயத்துப் பீலிக்கு மேலே இருக்கும் ஓடையில். ஒரு கேனில் பிடித்து மூடி வையுங்கள். அப்புறம் அந்தக் காட்போட் அட்டையை இன்றிரவும் வண்டிக்கு அடியில் விரித்துவிட்டுப் படுக்கப் போங்கள்.